நாற்பத்து மூன்று பேரும் ஒரு நோட்டும்

கேள்வி: கல்லூரி முடித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. எங்கள் பேட்ச் வாட்ஸாப் குரூப்பில் 38 பேர் இருக்கிறோம், நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிறோம். ஆனால் குரூப்பில் காலை வணக்கப் படமும் பிறந்தநாள் கேக்கும் தவிர ஒன்றுமில்லை. பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. போன தேர்தலின்போது சண்டை வந்து இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். இதை எப்படி உயிரோடு வைத்திருப்பது? பேசாதவர்களை நீக்கிவிட்டுச் சின்னதாக நடத்தலாமா?

பதில்:

யாரையும் நீக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசுவோம்.

எங்களுடையது சிவில், 1996 பேட்ச். 43 பேர், அதில் பெண்கள் 6 பேர். இந்த 43 பேரின் விலாசக் கணக்கு அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசி நாளில் எல்லோரும் ஆட்டோகிராஃப் புத்தகத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஊர் விலாசம் எழுதி வாங்கினேன். அந்தப் பாவத்துக்கு இன்றுவரை "டேய், அவன் நம்பர் இருக்கா?" என்று எனக்குத்தான் போன் வருகிறது. எங்கள் பேச்சில் யாருக்கும் பெயர் கிடையாது, ஹாஸ்டல் அறை எண்தான். நான் 9. கீழே வருகிறவர்களையும் அப்படியே சொல்கிறேன், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

அந்த நோட்டு மூன்று வருடத்தில் செத்துவிட்டது. இன்லாண்டு லெட்டர் போட்டால் "விலாசதாரர் வீடு மாறிவிட்டார்" என்று திரும்பி வரும். வாடகை வீடு மாறுகிற குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் முதலில் தொலைத்தோம். சொந்த வீடும் நிலமும் உள்ள ஊர்க்காரனுக்கு எப்போது எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும், அவன் இல்லாவிட்டாலும் அவன் அம்மா வாங்கி வைப்பார்.

1999 கடைசியில் மின்னஞ்சல் குழு ஆரம்பித்தோம். அப்போது அதன் பெயர் ஈகுரூப்ஸ். 2000இல் அதை யாஹூ வாங்கியது, மறு வருடம் யாஹூ குரூப்ஸ் ஆகிவிட்டது. ஒரு முகவரிக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு முப்பது, நாற்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து படித்தோம். அப்போது எங்களில் பாதிப் பேர் சிவிலை விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர்கள் 2000ஆம் வருடத்தை 1900 என்று எண்ணிவிடும் என்று உலகம் பயந்த காலம் அது. கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரல்களைத் திருத்த ஆள் வேண்டும் என்றதும், சிமெண்டு கலவை விகிதம் படித்தவனெல்லாம் ஹைதராபாத் அமீர்பேட்டையிலும் சென்னை தி.நகரிலும் மூன்று மாத கோர்ஸ் முடித்து நியூஜெர்சிக்கு விமானம் ஏறினான். "கோபால் எங்கேடா இருக்கான்?" என்று ஒருவனுடைய பாட்டி கேட்டதாக அப்போது ஒரு கதை ஓடியது. உண்மையா தெரியாது, நன்றாக இருக்கிறது, விட்டுவிட்டோம்.

தமிழ் எழுத்து அப்போது எல்லா மெஷினிலும் வராது. அவனிடம் ஒரு எழுத்துரு, இவனிடம் ஒன்று. அனுப்புவது தமிழாகவும் போய்ச் சேர்வது கட்டம் கட்டமாகவும் இருக்கும். அதனால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். அதில் குறில் நெடில் தெரியாது. 21ஆம் அறைக்காரன் ஒரு நாள் "அப்பாவுக்குக் கல் எடுத்தாச்சு" என்று எழுதினான், சிறுநீரகக் கல். பாதிப் பேர் அதைக் "கால்" என்று படித்தோம். அமெரிக்காவிலிருந்து நாலு பேர் ஆறுதல் எழுதினார்கள். ஒருவன் செயற்கைக் கால் எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று விசாரித்தே விட்டான். இரண்டு நாள் கழித்து 21ஆம் அறைக்காரன் பிரவுசிங் சென்டருக்கு வந்து பார்த்துவிட்டு, "எங்கப்பா சைக்கிள்ல வயலுக்குப் போயிருக்காருடா" என்று பதில் போட்டான். இன்றைக்கும் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் கேள்வி, "கல்லா, காலா?"

இந்தக் கதையை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் குழுவில் நாங்கள் 24 பேர்தான் இருந்தோம். மீதி 19 பேர் எங்கே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. "டச்ல இல்லடா, பிசி போல" என்று எளிதாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்த 24 பேரும் மேசையில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் தோஹாவில் சைட் எஞ்சினியர், நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியர், அப்பாவின் ரைஸ் மில், கல்யாணமாகி வேறு ஊர். மேசைதான் யார் நண்பன் என்று தீர்மானித்திருக்கிறது. அது புரிய எனக்குப் பதினைந்து வருடம் ஆனது.

2014இல் வாட்ஸாப் குரூப் தொடங்கினேன். ஒரே மாதத்தில் 38 பேர் சேர்ந்துவிட்டார்கள். தொலைந்தவர்கள் என்று நாங்கள் நினைத்தவர்கள் எல்லோரிடமும் போன் இருந்தது, நம்பரைத்தான் யாரும் கேட்கவில்லை. அதுவரை குழுவில் பேச்செல்லாம் விசா, வீட்டுக்கடன், பள்ளிச் சேர்க்கை. இவர்கள் வந்த பிறகு நெல் ஈரப்பதம், டெண்டர், மணல் விலை, மாமனார் வழக்கு என்று மாறியது. 24 பேரில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. "லெவல் இறங்கிப்போச்சு" என்று எனக்குத் தனியாக எழுதினார்கள். நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

ஆகவே உங்கள் 38 பேரில் யார் பேசுவதில்லை என்று பார்ப்பதற்கு முன்னால், பேட்ச்சில் மொத்தம் எத்தனை பேர், அந்த 38இல் வராதவர்கள் யார் என்று பாருங்கள். பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் எல்லா பேட்ச்சிலும் கஷ்டம். கல்யாணத்தில் இனிஷியல் மாறும், ஊர் மாறும், பழைய விலாசத்தில் அண்ணனோ தம்பியோ இருப்பார், "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார். ஆண்கள் தேடினால் அது நடக்காது. எங்கள் பேட்ச்சில் ஒரு பெண்தான் மற்ற ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார், இரண்டு வருடம் ஆனது. ஆறு பேரும் குரூப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட இருக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்த சில ஜோக்குகள் காரணம். அவர்கள் சத்தம் போடவில்லை, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாங்கள் அதையும் "பிசி" என்றுதான் வாசித்தோம். அந்த ஜோக்குகளைப் போட்ட இரண்டு பேரிடம் நான் போனில் பேசி, பிறகு அந்தப் பெண்களில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, நாலு பேர் திரும்பினார்கள். இரண்டு பேர் இன்றுவரை வரவில்லை. நல்லது கெட்டதுக்கு மட்டும் நான் தனியாகத் தகவல் சொல்கிறேன். அவர்களும் கணக்கில் உண்டு.

உங்கள் குரூப்பில் பேச்சே இல்லை என்கிறீர்கள். எந்தக் குழுவிலும் அப்படித்தான். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2006லேயே ஒரு கணக்கு சொன்னார்: நூறு பேரில் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரே ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். அவர் சொன்னது முன்பின் தெரியாதவர்கள் கூடும் பெரிய தளங்களைப் பற்றி. ஹாஸ்டல் நண்பர்கள் அதைவிடத் தேவலாம். ஆனாலும் எங்கள் குரூப்பில் ஐந்தாறு பேர்தான் தினமும் எழுதுகிறார்கள். அந்த ஐந்தாறு பேரில் ஒருவன் போடுவது பூராவும் ஃபார்வர்டு.

ஃபார்வர்டை நிறுத்த நாங்கள் பல விதி போட்டுப் பார்த்தோம். அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், காலை வணக்கம் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு வீடியோதான் என்று பட்டியல் நீண்டது. எதுவும் நிற்கவில்லை. "இது அரசியல் இல்ல, உண்மை" என்று ஆரம்பிப்பான். கடைசியில் ஒரே விதி வைத்தோம், அது நிற்கிறது: உன் கையால் எழுதியது, உன் வாயால் பேசியது, உன் போனில் எடுத்தது, இவை மட்டும். ஒரு செய்தியில் ஃபார்வர்டு அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், விவாதமே வேண்டாம். அரசியல் பேசலாம், ஆனால் தானே உட்கார்ந்து எழுத வேண்டும். பாருங்கள், எழுத வேண்டும் என்றதும் முக்கால்வாசி அரசியல் போய்விட்டது. காலை வணக்கம் போடுகிறவனுக்கு மட்டும் ஒரு சலுகை: உன் வீட்டு வாசலைப் படமெடுத்துப் போடு என்றேன். 30ஆம் அறைக்காரன் இரண்டு வருடமாகத் தினமும் தன் தெரு முனை டீக்கடையைப் படம் போடுகிறான். மழை, தேர்த் திருவிழா, கடைக்காரர் வைத்த புது போர்டு எல்லாம் தெரிகிறது. கடை பூட்டியிருந்தால் மெல்போர்னிலிருந்து ஒருவன் ஏன் என்று கேட்கிறான்.

சண்டை போட்டு வெளியேறிய இரண்டு பேருக்கு வருகிறேன். குரூப்பில் சமாதானம் பேசாதீர்கள். 38 பேர் பார்க்க யாரும் இறங்கி வர மாட்டான். எங்களிடமும் 2019இல் நடந்தது. ஒரு சாதிப் பேச்சு, நேரடியாகக்கூட இல்லை, ஒரு குத்தல். அதற்கு ஆளானவன் அன்றிரவே வெளியேறினான். குத்தியவனுக்கு அது குத்தல் என்றே தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தான். நான் பஸ் ஏறிப் போய், வெளியேறியவனைப் பார்த்தேன். அவன் வீட்டுத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அப்பாவின் கண், என் வேலை, ஊர் ஏரி என்று பேச்சு போனது. கிளம்பும்போது அவனே, "ஹாஸ்டல்லயும் அவன் அப்படித்தான்டா இருந்தான், நீங்கதான் சிரிச்சீங்க" என்றான். அது என்னையும் சேர்த்துத்தான். எனக்குப் பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து அவனாக வந்து சேர்ந்தான், குத்தியவன் அவனுக்குப் போன் செய்த பிறகு. அந்த எட்டு மாதமும் அவனுக்கு வாரம் ஒருமுறை யாராவது பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

அட்மினாக இருக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் போட்டதற்கு அட்மின் என்பதற்காகவே இன்னொருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு சொன்னது. அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதை ஒட்டிச் சொன்னது. சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் கதை வேறு. ஆகவே கூட இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள், ஒருவர் வெளிநாட்டில் இருக்கட்டும். இங்கே ராத்திரி நடப்பதை அங்கே பகலில் பார்ப்பார்.

இனி வாட்ஸாப்பின் குணம். அது ஒற்றை வாய்க்கால். ஒருவன் மகளின் கல்யாணப் பத்திரிகை போட்டிருப்பான், அதன்மேல் கிரிக்கெட் ஓடும், ராத்திரி பார்க்கிறவனுக்குப் பத்திரிகை 140 செய்திக்கு அடியில் கிடக்கும். மின்னஞ்சலில் தலைப்பு இருந்தது, தலைப்பைப் பிடித்து மறு வருடம்கூடப் பதில் எழுதலாம். அதனால் நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். ஒன்று அரட்டை. இன்னொன்றில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும்: கல்யாணம், சாவு, சந்திப்பு, நம்பர் மாற்றம், அவ்வளவே. மாதத்துக்கு நாலைந்து செய்திகூட வராது. அரட்டையை ம்யூட்டில் போட்டவனும் இதை ம்யூட் செய்வதில்லை. தேதி உள்ள செய்தியைப் பின் (pin) செய்து வையுங்கள், முப்பது நாள்வரை மேலேயே நிற்கும். யார் வருகிறார்கள் என்று கேட்க வாக்கெடுப்பு போடுங்கள். "நான் வரேன்" என்று இருபது பேர் எழுதினால் கணக்குப் பிடிக்க முடியாது, 'மே பி' என்று எழுதுகிறவனை எந்தப் பக்கம் சேர்ப்பது?

இதைவிட முக்கியம், எந்தக் கம்பெனியையும் நம்பி நட்பை அடகு வைக்காதீர்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் நாங்கள் ஒரு குழு நடத்தினோம், 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. 2019 அக்டோபரில் யாஹூ திடீரென்று அறிவித்தது: டிசம்பர் 14க்குப் பிறகு குழுவின் பழைய கடிதங்கள் எல்லாம் அழிக்கப்படும். பிறகு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள 2020 ஜனவரி 31வரை அவகாசம் கொடுத்தார்கள். 2020 டிசம்பர் 15ஆம் தேதி முழுவதுமாக மூடிவிட்டார்கள். நான் கோரிக்கை போட்டு எங்கள் கோப்பை இறக்கினேன். இருபது வருடக் கடிதம், ஒரு சினிமாப் படத்தைவிடச் சின்ன கோப்பு.

அதைத் திறந்த இரவில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்து கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சுனாமி. முதலில் யாருக்கும் அந்த வார்த்தையே தெரியவில்லை, "கடல் உள்ளே வந்துடுச்சாம்" என்றுதான் எழுதியிருக்கிறோம். சாயங்காலம் கலிபோர்னியாவிலிருந்து 3ஆம் அறைக்காரன் ஒரு பட்டியல் போட்டிருக்கிறான்: கடலோர ஊர்க்காரர்கள் பெயர், பக்கத்தில் காலி இடம். யார் பேசினாலும் நிரப்புங்கள் என்று எழுதியிருக்கிறான். சென்னை ஆட்கள் நாலு பேர் அன்றிரவே நிரம்பினார்கள். கடலூர் மறுநாள். நாகப்பட்டினத்துக்காரன் பெயருக்கு எதிரே மட்டும் இடம் காலியாகவே ஒவ்வொரு கடிதத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் குழுவில் இல்லை, அவனிடம் மின்னஞ்சலே கிடையாது. என் நாற்பது பக்க நோட்டில் அவன் தாய்மாமா வீட்டு போன் நம்பர் இருந்தது, திருவாரூர். செவ்வாய்க்கிழமை மதியம் லைன் கிடைத்தது. மாமா சொன்னதை நான் அப்படியே எழுதியிருக்கிறேன்: "இருக்கான், வேட்டியோட நிக்கிறான்." அதற்குக் கீழே பதினேழு பதில். எல்லாம் ஒரே வார்த்தை, "அப்பாடா."

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்போதும் அதே பட்டியல்தான். வாட்ஸாப்பில் இருந்தவர்களுக்கே போன் சார்ஜ் தீர்ந்துபோனது. முடிச்சூரில் மாடியில் மாட்டிக்கொண்டவனின் நிலைமை, அவன் மனைவியின் தங்கை பெங்களூரிலிருந்து சொல்லித்தான் தெரிந்தது. அதனால் இப்போது என் நோட்டில் ஆளுக்கு ஐந்து விஷயம்: நம்பர், மனைவி அல்லது கணவரின் நம்பர், சொந்த ஊரில் ஒருவரின் நம்பர், வீட்டு விலாசம், ரத்த வகை. காகிதத்தில்தான் வைத்திருக்கிறேன், ஒரு நகல் இன்னொரு அட்மினிடம். ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் உட்கார்ந்து சரிபார்ப்பேன். நம்பர் மாறிவிட்டதா என்று கேட்பதே போன் செய்ய ஒரு சாக்கு. அரட்டையையும் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து சேமித்துவிடுகிறேன், பழைய போனோடு போய்விடக் கூடாது.

மனைவி நம்பர் ஏன் என்று சில பேர் முறைத்தார்கள். 2021 மே மாதத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அந்த மாதம் ஒரு நாள் காலை 16ஆம் அறைக்காரன் நம்பரிலிருந்தே குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "அண்ணா எல்லாருக்கும், நான் அவர் மனைவி." அடுத்த வரி வருவதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவரோடு யாருக்கும் அதற்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. யார் போவது, ஊரடங்கில் எப்படிப் போவது, மகனின் படிப்புக்கு என்ன என்று எதையும் அவரிடம் நேரடியாகக் கேட்கவே எங்களுக்கு நாலு நாள் கூச்சமாக இருந்தது.

பணம் திரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குரூப்பில் பட்டியல் போடவே போடாதீர்கள். நாங்கள் முதல் முறை போட்டோம். ஐம்பதாயிரம் போட்டவன் பெயர் மேலே, ஐந்நூறு போட்டவன் பெயர் கீழே. ஐந்நூறு போட்டவன் அதன்பிறகு ஒரு வருடம் பேசவில்லை. இப்போது இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, மொத்த வரவு, மொத்தச் செலவு, பாஸ்புக் படம், அவ்வளவுதான் வெளியே வரும். வாங்குகிற குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் அவர்கள் நிலைமையைக் குரூப்பில் விவரிப்பதும் கிடையாது.

சந்திப்பு பற்றியும் பணம்தான் பேச்சு. 2016இல் இருபதாவது வருடம் என்று ஈசிஆரில் ஒரு ரிசார்ட், தலைக்கு 6,500 ரூபாய், டி-ஷர்ட் உட்பட. 11 பேர் "லீவு இல்ல" என்றார்கள். நம்பினோம். ஒரு வருடம் கழித்து ஒருவன் வேறு பேச்சில் வாய் தவறிச் சொன்னான், அந்த மாதம் அவனுக்குப் பள்ளிக் கட்டணம் 7,000. அடுத்த சந்திப்பைத் திருச்சியில் வைத்தோம். மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், அன்றைக்கே திரும்பலாம். ஒரு சின்ன மண்டபம், சமையலுக்கு ஆள், தலைக்கு 600 ரூபாய். "லீவு இல்ல" என்றவர்களில் எட்டு பேர் வந்தார்கள். டி-ஷர்ட் இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, வெளிநாட்டுக்காரன் ஒருவனைத் தவிர.

வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோவில் கூடுவது நேரச் சிக்கல். ஞாயிறு மாலை ஏழரை என்று வைத்தால் நியூஜெர்சிக்குக் காலை, லண்டனுக்கு மதியம், சிங்கப்பூருக்கு ராத்திரி பத்து, எல்லாம் சரி. ஆனால் மெல்போர்னில் நடுநிசி தாண்டிவிடும். அவன் ஆறு மாதம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான், பிறகு வரவில்லை. இப்போது ஒரு மாதம் மாலை, ஒரு மாதம் காலை ஆறரை. காலை ஆறரை என்றால் நியூஜெர்சியில் சனிக்கிழமை இரவு எட்டு, ஒன்பது, மெல்போர்னில் ஞாயிறு பதினொன்று, பன்னிரண்டு, நமக்குக் காபி. லண்டன்காரனுக்கு மட்டும் நடுராத்திரி, அவனுக்கு அடுத்த மாதம் உண்டு. ஒரே நேரம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று தேடாதீர்கள், கிடைக்காது. கஷ்டத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் குரூப் நட்பை வளர்க்கும் என்று நான் நம்பவில்லை. யாருக்குப் போன் போட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. குரூப்பில் ஒருவன் "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று போட்டால் 30 பேர் கும்பிடு கை போடுவார்கள். போட்டதும் கடமை முடிந்த திருப்தி வந்துவிடும், அதுதான் ஆபத்து. குரூப் இல்லாத காலத்தில் யாராவது ஒருவனாவது பஸ் ஏறிப் போயிருப்பான். அதனால் நான் வாரத்துக்கு மூன்று பேருக்குப் போன் செய்கிறேன், காலை நடையின்போது, நோட்டின் வரிசைப்படி. ஒரு விஷயமும் இருக்க வேண்டியதில்லை. பதினாலு வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது, வருடத்துக்கு மூன்று, நாலு சுற்று. முதல் சுற்றில் எல்லோரும் கேட்டது ஒன்றே: "என்னடா, ஏதாவது பிரச்சினையா? பணம் கிணம் வேணுமா?" இரண்டாம் சுற்றில் அது குறைந்தது. மூன்றாவதில் அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். நீங்கள் 38 பேர். தனியாகச் செய்ய முடியாவிட்டால் அட்மின்கள் மூன்று பேரும் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பன்னிரண்டு பேர்தான் வரும்.

பேசாதவர்களை நீக்கலாமா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. எங்கள் 11ஆம் அறைக்காரன் ரைஸ் மில் வைத்திருக்கிறான். குரூப்பில் சேர்ந்து வருடக்கணக்கில் ஒரு எழுத்து எழுதவில்லை, ஒரு கட்டைவிரல்கூடப் போட்டதில்லை. நான்கூட நம்பர் மாறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். என் முதல் சுற்றில் அவன் முறை வந்தபோது இரண்டாவது மணியிலேயே எடுத்தான். நான் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள், "உம் பொண்ணு அந்தப் பாண்டிச்சேரி காலேஜ்லயே சேந்துடுச்சா, இல்ல கவுன்சிலிங்ல மாத்திட்டியா?" என்றான். மூன்று மாதம் முன்னால் குரூப்பில் ஒருமுறை எழுதிவிட்டு நானே மறந்துபோன விஷயம். 30ஆம் அறைக்காரனின் டீக்கடைப் படம், 3ஆம் அறைக்காரனின் பனி, 21ஆம் அறைக்காரனின் அப்பா எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. மில் மூடியதும் ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பானாம். பிறகு ஏன்டா எழுதமாட்டேங்கிற என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்கள்லாம் அடுத்தடுத்து போட்டுட்டே போறீங்க. நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுது. இங்கிலீஷ்ல அடிச்சா ஸ்பெல்லிங் தப்பா வருது, எதுக்கு."

மைக் பொத்தானை அமுக்கிப் பேசு என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டு வாய்ஸ் நோட் வருகிறது. முதல் ஐந்து விநாடி அரவை மெஷின் சத்தம்தான் கேட்கும், அப்புறம்தான் அவன் குரல் வரும்.